கஞ்சா விவாதமும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவிலே, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே பேச அழைக்கப்படுவோர் பக்தி, ஒழுக்கம், கல்வி என்பன போன்ற பொருள்களை எடுத்துக்கொள்வது வழக்கம். நானும் பல ஆண்டுகளாக அப்படியே செய்து வந்தேன். இம்முறை உங்கள் காரியதரிசி என் வீட்டுக்கு வந்து, "மாஸ்டர், நீங்கள் கஞ்சாவைப் பற்றிப் பேசவேண்டும்" என்று கேட்டார். கோயில் மண்டபத்திலே இந்தப் பேச்சா என்று நான் தயங்கினேன். அதற்கு அவர், "எங்கள் பையன்கள் வாவிக்கரையிலே இருந்து இரவு பத்து மணிவரைக்கும் இதைத்தான் பேசுகிறார்கள். அங்கே பேசலாம், இங்கே பேசக்கூடாதா?" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. ஆகவே வந்து நிற்கிறேன்.

பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். வாலிபர்களும் பொறுத்தருள வேண்டும். ஏனென்றால் இன்று நான் சொல்லப்போவது இரு பகுதியாருக்கும் முழுமையாக இனிக்காது.

ஒரு பையனின் கதை

முதலிலே என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அங்கத்தவனாயிருந்த சங்கமொன்றிலே ஒரு பையன் இருந்தான். ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன். படுவான்கரையிலே வயல் செய்யும் குடும்பம். கரப்பந்தாட்டத்திலே கெட்டிக்காரன். திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப் பந்தலுக்குக் குடம் சுமப்பவர்களிலே முதல் ஆளாக நிற்பான். ஒருநாள் அவனுடைய சட்டைப் பையிலே ஒரு சிறு கஞ்சாச் சரை அகப்பட்டது. பொலிசார் கொண்டுபோனார்கள். நீதவான் முன்னிலையிலே குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டப்பணம் கட்டினான். வழக்கு அவ்வளவோடு முடிந்தது.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம் கூடியது. சங்கத்தின் மானம் போயிற்று என்று சொல்லி அவன் பெயரை இடாப்பிலிருந்து வெட்டவேண்டும் என்று பிரேரணை வந்தது. கை உயர்த்தியவர்களிலே நானும் ஒருவன். அவனை அழைத்து, "தம்பி, என்ன நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை. விளையாட்டு மைதானத்துக்கு அவன் வரவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. பழகுவதற்கு அவனுக்கு மிஞ்சியவன் அந்தச் சரையை விற்றவன் ஒருவன்தான். அவனிடத்திலே கஞ்சா மட்டுமல்ல, 'ஐஸ்' என்று சொல்லும் கொடிய பொருளும் இருந்தது. இரண்டு ஆண்டுக்குள்ளே பையன் அதற்கு அடிமையாகி, புனர்வாழ்வு நிலையமொன்றுக்குப் போக நேர்ந்தது.

பின்னொரு நாள் வாவியைக் கடக்கப் பாதைக்குக் காத்து நின்றபொழுது அவனுடைய தாயைக் கண்டேன். நான் தலையைக் குனிந்து நின்றேன். அந்த அம்மா சொன்ன வார்த்தையை இன்றைக்கும் மறக்கவில்லை: "வழக்கு ஒரு நாளையில முடிஞ்சிற்று மாஸ்டர். நீங்க எல்லாரும் போட்ட தீர்ப்புத்தான் இன்னும் முடியல்ல. மறுகா நான் ஆரிட்டப் போய்ச் சொல்ற?"

கஞ்சாவைத் திறந்துவிடலாமா, மூடிவைக்கலாமா என்று உலகம் வாதாடுகிறது. அந்த விவாதத்தை நான் கேட்கும்போதெல்லாம் இந்தத் தாயின் முகம் எனக்கு முன்னே வருகிறது. ஆதலினால் அந்த விவாதத்தை முதலிலே நேர்மையாக விளங்கிக்கொள்வோம். பிறகு நம்முடைய கடமை எது என்று பார்ப்போம்.

பழைய நாளிலே

கஞ்சா நமக்குப் புதிய செடி அன்று. சித்த வைத்தியர்கள் அதைச் சிவமூலி என்றும் சித்தமூலி என்றும் சொல்லி, சுத்தி செய்து, அளவறிந்து மருந்திலே சேர்த்தார்கள். சிங்கள வைத்தியத்திலும் மதன மோதகம் என்னும் இலேகியத்திலே அது சேருகிறது.

நமக்கு வடக்கே கொட்டியாரக் குடாவிலே 1660ஆம் ஆண்டு கண்டி அரசனின் ஆட்கள் ஆங்கிலக் கப்பலோர் சிலரைச் சிறைப்பிடித்தார்கள். அவர்களிலே றொபேட் நொக்ஸ் என்னும் வாலிபர் ஒருவர். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே காவலிலிருந்து, 1679இல் தப்பி, அநுராதபுரக் காட்டு வழியே மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இலே இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. காட்டுப் பகுதியிலே கெட்ட தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலால் வருந்தியபோது, உலர்ந்த கஞ்சா இலையைப் பொடிசெய்து வெல்லத்தோடு காலையும் மாலையும் உண்டதாக அதிலே எழுதியிருக்கிறார். அது தலையை மயக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதினார். மருந்து, மயக்கம் என்னும் இரண்டு குணமும் ஒரே இலையிலே இருப்பதை 300 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிறைக்கைதி கண்டுகொண்டார். இன்றைய விவாதம் முழுவதும் இந்த இரண்டு குணத்தையும் பற்றியதுதான்.

என் சிறு வயதிலே கஞ்சாக்காரன் என்றால் ஊருக்கு ஒருவரோ இருவரோ இருப்பர். வயது போனவர்கள். தோணித் துறையிலே ஒதுங்கி இருப்பார்கள். ஊரார் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிள்ளைகள் கிட்டப் போகமாட்டார்கள். அப்பொழுது ஊருக்குப் பயமும் இல்லை, மதிப்பும் இல்லை. இன்று நிலைமை வேறு. பள்ளிக்கூட வாசல்வரை சரக்கு வருகிறது. பெற்றோருக்கு ஒரே பயம். பிள்ளைகளுக்கோ, கைத்தொலைபேசியிலே வேற்றுநாட்டுச் செய்திகளைப் பார்த்து, இது நாகரிகம் என்ற எண்ணம். தகப்பனும் மகனும் ஒரே செடியைப் பற்றி இரண்டு உலகத்திலிருந்து பேசுகிறார்கள்.

சட்டம் வந்த வழி

பிரித்தானிய அரசாங்கம் இந்தியாவிலே கஞ்சாவை ஆராய 1893இல் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894இலே பெரிய அறிக்கையொன்றை அது கொடுத்தது. அளவோடு கொள்வதால் பெருந்தீங்கு இல்லை. அளவு மீறினால் தீங்கு உண்டு. முற்றாகத் தடுப்பதைவிட வரி விதித்து அடக்குவதே தக்கது என்பது அதன் முடிவு.

ஆனால் உலகத்தின் போக்கு வேறு பக்கம் திரும்பியது. 1925இலே ஜெனீவா உடன்படிக்கையிலே கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. நமது நாட்டிலே 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நஞ்சு, அபின், அபாயகரமான ஒளடதங்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த வந்தது. 1961இலே ஐக்கிய நாடுகளின் தனி உடன்படிக்கை ஹெரோயினோடு கஞ்சாவையும் மிகக் கடுமையான அட்டவணையிலே வைத்தது. அதே 1961இலே இலங்கையில் ஆயுள்வேதச் சட்டம் வந்து, பதிவுபெற்ற வைத்தியர் மருந்துக்காக அபினும் கஞ்சாவும் பெற வழி விட்டது. 1984இலே தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அமைந்தது.

இந்தியா 1985இலே தன் சட்டத்தை இயற்றியபோது செடியின் பூவையும் பிசினையும் தடுத்து, தனி இலையையும் விதையையும் தடைக்கு வெளியே விட்டது. அதனால்தான் காசியிலே அரசாங்க உரிமம் பெற்ற கடையிலே பாங்கு இன்றும் விற்கப்படுகிறது. நமது நாட்டிலே அப்படி இல்லை. வைத்தியருக்குக் கொடுத்த அந்தச் சிறு வாசலையும், அரசாங்கம் தனியாகக் கொடுக்கும் அனுமதியையும் தவிர, கஞ்சாவைப் பயிரிடுவதும் விற்பதும் கையிலே வைத்திருப்பதும் குற்றமே. இதை வாலிபர்கள் நன்றாக நினைவிலே வைக்கவேண்டும். "இனிமேல் விட்டுவிட்டார்களாம்" என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம்.

புதிய காற்று

இனி, உலகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம்.

2013இலே உருகுவே நாடு கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் கனடா 2018 ஒக்டோபர் 17இலே அதைச் செய்தது. 2020 டிசம்பரிலே ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, மிகக் கடுமையான அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க வாக்கெடுத்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. நீக்கத்துக்கு ஆதரவளித்தவர்களிலே இந்தியாவும் ஒன்று. ஆயினும் கஞ்சா கட்டுப்பாட்டிலிருந்து விடுபடவில்லை. மற்றோர் அட்டவணையிலே இன்னும் இருக்கிறது. 2024 ஏப்பிரலிலே ஜேர்மனியும், வயதுவந்தோர் குறிப்பிட்ட அளவு வைத்திருக்க அனுமதித்தது.

தாய்லாந்தின் கதை மிகவும் பாடம் தருவது. 2022 ஜூன் மாதத்திலே கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து அந்நாடு நீக்கியது. தக்க சட்டம் வரமுன்னரே கடைகள் தெருத்தெருவாகத் திறக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளிலே, 2025 ஜூனிலே, மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு திரும்பவும் கட்டுப்பாடு போட்டது.

தாய்லாந்திலே கடையில் விற்ற அதே காலத்திலே, அருகேயுள்ள சிங்கப்பூரிலே என்ன நடந்தது? 2023 ஏப்பிரல் 26இலே தங்கராஜு சுப்பையா என்ற 46 வயதுத் தமிழர் தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாயிருந்தார் என்பது வழக்கு. ஒரே செடி, ஓரிடத்திலே வியாபாரம், மற்றோரிடத்திலே தூக்குக்கயிறு. இப்படிப்பட்ட உலகத்தைப் பார்க்கும் வாலிபன், "எது நீதி?" என்று கேட்டால் அவனைக் கோபிக்க முடியுமா?

நமது நாட்டுக்கு வருவோம். நீதிமன்றங்களிலே கைப்பற்றி வைத்த பழைய கஞ்சாவே வைத்தியருக்குக் கிடைக்கிறது, அதிலே வீரியம் இல்லை என்று கூறி, மருந்துக்காகப் பயிரிடும் யோசனையை 2017இலே சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்ன வெளியிட்டார். 2022இலே நாடு டொலர் இல்லாமல் தவித்தபோது, இராஜாங்க அமைச்சராயிருந்த டயானா கமகே, கஞ்சா ஏற்றுமதியாலே பணம் வரும் என்று பலமாக வாதாடினார். அவ்வாண்டு நவம்பரிலே சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்திலே, ஏற்றுமதிக்கான பயிர்ச்செய்கையை ஆராய நிபுணர் குழு ஒன்றும் முன்மொழியப்பட்டது. 2025இலே வெளிநாட்டு முதலீட்டாளர் சிலருக்கு, ஏற்றுமதிக்கு மட்டும் பயிரிட அரசாங்கம் அனுமதி கொடுத்தது.

இதற்கு இடையிலே, 2023 டிசம்பரிலே 'யுக்திய' என்னும் பெயரால் நாடெங்கும் தேடுதல் நடந்து, பல்லாயிரம் பேர் கைதானார்கள். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை இடைநிறுத்தும்படி கேட்டார்கள். ஒரு கையாலே முதலீட்டாளருக்கு அனுமதிப் பத்திரம். மறு கையாலே ஏழைப் பையனுக்கு விலங்கு. சட்டத்தரணிகள் இரண்டுக்கும் நியாயம் சொல்வார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனத்திலே சட்டத்தின் மீது மரியாதை எப்படி நிலைக்கும் என்பதை ஆட்சியிலுள்ளோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வாலிபர் கேட்கும் மூன்று கேள்விகள்

இந்தப் பேச்சுக்கு ஆயத்தம் செய்யும்போது சில வாலிபர்களை அழைத்து, பயப்படாமல் பேசுங்கள் என்றேன். அவர்கள் கேட்டவை மூன்று கேள்விகள்.

முதலாவது: "இது மூலிகைதானே? மருந்து எப்படிக் கெடுதி செய்யும்?"

மருந்து என்பது உண்மை. மயக்கம் தராத ஒரு பொருளைக் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்து, பிள்ளைகளுக்கு வரும் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்கு மருந்தாகக் கொடுக்க, ஐக்கிய அமெரிக்காவிலே 2018இல் அனுமதி கிடைத்தது. ஆனால் எட்டியும் சேங்கொட்டையும் மூலிகைதான். வைத்தியர் சுத்தி செய்யாமல் எவராவது உண்பாரா? கஞ்சாவிலே மயக்கத்தைத் தரும் பொருள் இன்னதென்று 1964இலே இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் இருவர் பிரித்துக் காட்டினார்கள். ஐக்கிய அமெரிக்காவிலே கைப்பற்றப்பட்ட கஞ்சாவைச் சோதித்தபோது, அந்தப் பொருள் 1995இலே நூற்றுக்கு 4 வீதமளவிலே இருந்தது, 2014இலே 12 வீதமளவுக்கு உயர்ந்துவிட்டது. தோணித்துறைக் கிழவர் புகைத்ததும் இன்றைய பையன் புகைப்பதும் ஒன்றல்ல.

இன்னுமொன்று. மனித மூளை ஏறக்குறைய 25 வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. கஞ்சா பாவிப்போரிலே பத்திலொருவர் அளவில் அதற்கு அடிமையாவர் என்றும், இளவயதிலே தொடங்கியவர்களிலே ஆறிலொருவர் அளவில் அப்படியாவர் என்றும் மருத்துவ ஆராய்ச்சியாளர் கணிக்கிறார்கள். சித்தம் கலங்கும் நோய்க்கு உடற்கூறு உள்ளவர்க்கு, அந்நோயை இது முன்கூட்டியே எழுப்பிவிடக்கூடும். யாருக்கு அந்த உடற்கூறு உண்டு என்று நெற்றியிலே எழுதியிருப்பதில்லை.

இரண்டாவது: "மாஸ்டர், அது சிவமூலியல்லவா? சாமியார்கள் குடிக்கிறார்களே!"

வடநாட்டுச் சாதுக்களிலே சிலர் குடிப்பது உண்மை. சிவராத்திரியிலே பாங்கு அருந்துவதும் அங்கே வழக்கம். அதை நான் இகழவில்லை; அது அவர்களுடைய மரபு. ஆனால் வீட்டையும் வயலையும் உறவையும் துறந்து, சுடலையிலே படுப்பவருடைய ஒரு பழக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, மற்றத் துறவு எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்ன பக்தி? மாமாங்கத் தீர்த்தத்திலும் கொக்கட்டிச்சோலைத் தேரிலும் நம் முன்னோர் சிவனைக் கண்டது தெளிந்த அறிவோடுதான். நஞ்சைச் சிவன் கண்டத்திலே நிறுத்தியது உலகத்தைக் காக்க. தன் மயக்கத்துக்காக அல்ல. தமிழ் மறையாகிய திருக்குறளிலே வள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரத்தையே வைத்தார். அறிவை இழப்பது அறமாகாது என்பதே நம் மரபின் பொதுக் குரல்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது: "சாராயத்தை அரசாங்கமே உரிமம் கொடுத்து விற்கச் செய்கிறது. அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார். அவரைப் பிடிப்பாரில்லை. கஞ்சா குடித்தவன் மூலையிலே கிடக்கிறான்; அவனைப் பிடிக்கிறார்கள். இது நியாயமா?"

பெரியோர்களே, இந்தக் கேள்விக்கு முன்னாலே நான் தலைகுனிந்தேன். சாராயமும் கசிப்பும் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் அழித்த குடும்பங்களைக் கஞ்சா அழித்ததாகச் சொல்ல என்னால் முடியாது. சாராயத்தைச் சகித்துக்கொண்டு கஞ்சாவை மட்டும் பழிப்பது நேர்மையன்று. ஆனால் அதற்கு விடை என்ன? ஒரு தவறணை போதாது, இரண்டாவதையும் திற என்பதா? 2017இலே கல்குடாவிலே எரிசாராய ஆலை அமைக்க முனைந்தபோது, மட்டக்களப்பு மக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அனுமதி பெற்ற காரியம் எல்லாம் நல்ல காரியம் என்று அவர்கள் எண்ணவில்லை. சட்டம் விடுகிறது என்பது வேறு. நமக்குத் தகும் என்பது வேறு. திறந்துவிட்ட நாடுகளே இதை ஒப்புக்கொள்கின்றன. கனடாவிலே வயது வராத பிள்ளைக்குக் கஞ்சா விற்றால் 14 ஆண்டுவரை சிறை. நமது நாட்டிலும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டவருக்குச் சாராயமோ சிகரெட்டோ விற்கக்கூடாது. திறந்த கதவும் பிள்ளைகளுக்கு மூடியே இருக்கிறது.

பெரியோருக்கு ஒரு வார்த்தை

வாலிபரிடம் இவ்வளவு சொன்னேன். இனிப் பெரியோருக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு.

நமது வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து அங்கே கொண்டுபோய் வைத்த காலம் உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் பயம், நோயாளிக்குத் தண்ணீரால் சூழ்ந்த தனிமை. பிறகு நல்ல மருந்து வந்தது. இன்று அந்நோய் கண்டவர் வீட்டிலே இருந்துகொண்டே மருந்துண்டு குணமாகிறார். நோயை மறைக்கத் தேவையில்லை என்று தெரிந்தபிறகுதான் நோயாளிகள் தாமாக வைத்தியசாலைக்கு வரத் தொடங்கினார்கள்.

போதைக்கு அடிமைப்பட்ட பையனை இன்று நாம் எங்கே வைத்திருக்கிறோம்? நம்முடைய மனத்திலே ஒரு மாந்தீவை உண்டாக்கி அங்கே வைத்திருக்கிறோம். அவனுடைய தமக்கைக்குக் கலியாணம் பேசமாட்டோம். அவனுக்கு வேலை கொடுக்கமாட்டோம். இதற்குப் பயந்து தாய் தகப்பன் மறைக்கிறார்கள். மறைத்தால் நோய் வளருகிறது. ஒளித்து வாழும் இருட்டிலே, விற்பவன் ஒருவனே அவனுக்கு உறவு.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். கஞ்சா குடித்தவன் எல்லாம் ஐசுக்குப் போவான் என்று சொல்வது சரியல்ல. ஆனால் இரண்டையும் ஒரே கை விற்றால் வழி சுருக்கமாகிறது. நெதர்லாந்து நாடு 1976இலே சட்டத்தைத் திருத்தியபோது, இந்த இரண்டு சந்தைகளையும் பிரிக்கவேண்டும் என்பதையே காரணமாகக் காட்டியது. நான் கடை திறக்கச் சொல்லவில்லை. நம் பையனை அந்தக் கையிடமிருந்து பிரித்தெடுக்கச் சொல்கிறேன். அதற்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

என் கருத்து என்ன என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். மருந்துக்காக வைத்தியரின் கையிலே நல்ல சரக்குக் கிடைப்பது நியாயம். திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்கும் நம் பிள்ளைகள் இதை முறையாக ஆராய வழி இருக்கவேண்டும். ஏற்றுமதிப் பயிர் என்பதை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். வேலியைத் தாண்டிச் சரக்கு வெளியேறாமல் காப்பது எளிதல்ல. தெருவிலே கடை திறப்பதை நான் விரும்பவில்லை. தாய்லாந்தின் பாடம் கண்முன்னே இருக்கிறது. ஆனால் கையிலே ஒரு சிறு சரையோடு பிடிபட்ட பையனைச் சிறைக்கு அனுப்பி, பெரிய குற்றவாளிகளோடு படுக்கவைப்பதை அதைவிடவும் நான் விரும்பவில்லை. அவன் போகவேண்டிய இடம் வைத்தியரிடம். விற்பவனும் கடத்துபவனும் வேறு, இவன் வேறு. சட்டம் இந்த வேற்றுமையை இன்னும் தெளிவாகக் காட்டவேண்டும். இதிலே உங்களுக்கு மாறுபாடு இருந்தால் எழுந்து சொல்லுங்கள். நான் கோபிக்கமாட்டேன்.

சங்கம் செய்யத்தக்கன

பேச்சோடு நின்றுவிடாமல், இந்தச் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: முதற் பிழைக்காக எவருடைய பெயரையும் இடாப்பிலிருந்து வெட்டுவதில்லை என்று இன்றே தீர்மானம் செய்யுங்கள். அதற்குப் பதிலாக, அவன் மதிக்கும் ஒரு மூத்தவர், ஓர் அண்ணனோ மாமாவோ ஆசிரியரோ, அவனோடு தனியாகப் பேசவேண்டும். தேவையானால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கூட்டிப் போனதை ஊரிலே பறையடிக்கக் கூடாது.

இரண்டு: மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை நம் பையன் எங்கே இருக்கிறான்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத சங்கம் எத்தனை ஆண்டு விழா எடுத்தும் பயனில்லை. கரப்பந்து மைதானத்துக்கு விளக்குப் போடுங்கள். வாசிகசாலையை இரவிலும் திறந்து வையுங்கள். கூத்துப் பழக ஆசையுள்ளவர்களுக்கு ஓர் அண்ணாவியாரை அழைத்து வாருங்கள். வடமோடி ஆடிக் களைத்தவன் வீட்டுக்குப் போய்ப் படுப்பான், வாவிக்கரைக்குப் போகமாட்டான்.

மூன்று: அடுத்த ஆண்டு இந்தப் பொருளிலே ஒரு பட்டிமன்றம் வையுங்கள். ஒரு பக்கம் வாலிபர், மறுபக்கம் பெரியோர் என்று வைக்கவேண்டாம்; இரு பக்கத்திலும் இருவரையும் கலந்து வையுங்கள். வைத்தியர் ஒருவரையும் சட்டத்தரணி ஒருவரையும் அழையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பெரியோர் பழகவேண்டும். தெரிந்ததை மரியாதையோடு சொல்ல வாலிபர் பழகவேண்டும்.

முடிவாக, நான் தொடங்கிய கதைக்கு வருகிறேன். அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டான். இப்பொழுது தோணியிலே தொழில் செய்கிறான். போன மாதம் அவனுடைய வீட்டுக்குப் போனேன். நான் கை உயர்த்திய அந்தக் கூட்டத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இருங்க சேர், தேத்தண்ணி குடிப்பம்" என்றான். அந்தத் தேநீரைப் போல இனித்த ஒன்றை நான் அண்மையிலே குடித்ததில்லை.

அவன் இன்று இந்த மண்டபத்திலே இல்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு அவனை அழைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவன் வந்து வாசலிலே நிற்கும்போது, "உள்ளே வா தம்பி" என்று முதலிலே சொல்லப்போகிறவர் யார்? அந்த ஒருவர் இந்தக் கூட்டத்திலே இருக்கிறார் என்று நம்பி, என் பேச்சை நிறைவு செய்கிறேன்.